மெதுவாக மிதித்தால்

எனக்குச் சந்தேகப் புத்தி அதிகம் என்று என் கணவர் சொல்வார். இருக்கட்டும். பால் பாக்கெட்டில் தேதி பார்க்காமல் அடுப்பில் வைக்க மாட்டேன். ஆட்டோக்காரர் வேறு சந்துக்குள் திரும்பினால் ஏன் என்று கேட்பேன். ஆனால் அந்த மழைக்காலத்தில் என் சந்தேகம் என் வலது கால் மேலேயே விழுந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

கணவர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர். பட்டாபிராமிலிருந்து அம்பத்தூர் ஆபீசுக்கு எங்கள் பழைய காரை நான்தான் ஓட்டிக்கொண்டு போவேன். ரயிலில் அத்தனை வருடம் இடிபட்ட பிறகு, கார் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்காரும் அந்த ஒரு மணி நேரம் எனக்கே எனக்கானது. அந்தக் கார் திடீரென்று முரண்டு பிடிக்க ஆரம்பித்தது. நெரிசலில் ஊர்ந்து போகும்போது ஒரு வெட்டு வெட்டும், நின்றுவிடும். பின்னால் நிற்கும் பஸ்காரர் ஹாரனிலேயே என் பரம்பரையைத் திட்டுவார். ஞாயிற்றுக்கிழமை கணவர் ஓட்டினால் ஒரு தொந்தரவும் இருக்காது.

"க்ளட்ச்சை விடுறப்போ ஆக்ஸிலேட்டரைச் சரியா மிதிக்கலையோ என்னமோ," என்றார், ரொம்ப அன்பாக. அந்த அன்புதான் எனக்குப் பிடிக்கவில்லை. மறுநாள் சாவி கதவோரத்து ஆணியில் இல்லை. அவர் பேன்ட் பையில் இருந்தது. "கொஞ்ச நாள் ட்ரெயின்ல போயேன்."

அதன் பிறகு எல்லாரையும் சந்தேகப்பட்டேன். பெட்ரோல் பங்கை. கடைசியாக சர்வீஸ் செய்த மெக்கானிக்கை. அவரும் என் கணவரும் போனில் என்ன பேசிச் சிரித்துக்கொள்கிறார்கள் என்பதை. ஆபீசில் மேசைக்கடியில் வலது காலை மெல்ல அழுத்தி அழுத்திப் பார்த்தேன். ஒருவேளை நிஜமாகவே எனக்கு ஓட்ட வரவில்லையோ?

ஒரு சனிக்கிழமை பூந்தமல்லி ஒர்க்‌ஷாப்புக்குக் கணவரோடு நானும் போனேன். மெட்ரோ வேலைக்காக அடைத்த தகரத் தடுப்புகளுக்குப் பின்னால் இருக்கிற கடை. அதே மெக்கானிக், ஸ்டீயரிங்குக்குக் கீழே கோளாறு காட்டும் ஸ்கேனரைச் சொருகினார்.

"யாரு ஓட்டசொல்லோ நிக்குது சார்? மேடமா?" என்று கணவரிடம் கேட்டுச் சிரித்தார். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதிக்கிறோம் என்று இன்ஜினுக்குச் சொல்கிற சென்சார் ஒன்று உண்டு. இன்ஜினை ஓடவிடாமல் சாவியை மட்டும் திருப்பிக் காட்டினார். காலை எடுத்தால் ஸ்கேனர் திரையில் அரை வோல்ட். ஓங்கி மிதித்தால் நாலரை.

"பாரு சார், ரீடிங் கரீட்டா கீது. வண்டில ஒண்ணும் இல்ல."

கணவர் தலையாட்டினார். இரண்டு பேரும் என்னைப் பார்க்காமல் இருந்த விதத்தில் எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. அரைக்கும் நாலரைக்கும் நடுவில் என்ன நடந்தது என்று யார் பார்த்தது?

"கொஞ்சம் எறங்குங்க. நான் மிதிக்கிறேன்," என்றேன்.

"இன்னா மேடம், யாரு மிதிச்சாலும் அதேதான்."

உட்கார்ந்து, நெரிசலில் முன்னால் நிற்கிற ஸ்கூட்டர் மேல் இடிக்காமல் ஊர்வேனே, அப்படி மிதித்தேன். அரையிலிருந்து எண் மெல்ல ஏறியது. ஒன்றைத் தொடுவதற்குள் பொத்தென்று பூஜ்யத்துக்கு விழுந்தது; பிறகு எகிறியது. காலைத் தளர்த்தி மறுபடி மிதித்தேன். அதே இடம். மறுபடியும் அதே இடம்.

மெக்கானிக் சிரிப்பை நிறுத்தினார். "சென்சாருக்குள்ள ஒரு எடத்துல தேஞ்சு போய்க்கீது சார். நாம படக்குனு மிதிச்சா அந்த எடம் தெரியாமலே தாண்டிடுது. மேடம் பதமா மிதிக்கசொல்லோ மாட்டிக்குது." அதையும் கணவரிடம்தான் சொன்னார்.

இத்தனை நாள் நான் ஒழுங்காக ஓட்டியதால்தான் கார் என்னிடம் நின்றிருக்கிறது.

புது சென்சார் மாட்டியதும், அதே மாதிரி மெதுவாக நானே மிதித்துப் பார்த்தேன். எண் எங்கேயும் விழவில்லை. கணவரிடம் கையை நீட்டினேன். சாவியைக் கொடுத்தார். "நீ சொன்னதுதான் சரி," என்றார், மனதாரத்தான்.

நானே ஓட்டிக்கொண்டு திரும்பினேன். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு பக்கம் வழக்கமான நெரிசல். ஊர்ந்தோம். ஒரு வெட்டு இல்லை, ஒரு குலுக்கல் இல்லை. பெருமையாக அவர் பக்கம் திரும்பினேன். அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிரேக்கே இல்லாத அந்தப் பக்கத்துத் தரையை அவருடைய வலது கால் அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது.