நடுத்துண்டு

கலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் மருமகள் பெரிய வட்டம் போட்டாள். அதற்குள் ஒரு சின்ன வட்டம். அவளுடைய உம்மா, என் கூடப்பிறந்த மூத்தவளான ராத்தா, புற்றுநோயில் மௌத்தாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. கல்முனையில் என் வீட்டில் இருந்துகொண்டு வழக்கம்போல டொக்டர்மாரை நான் ஏசிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்று, வாடகை உழவு மெசினில் தொடங்கி, சம்மாந்துறையில் இரண்டு அரிசி மில்லுக்குச் சொந்தக்காரன் ஆனவன் நான். நான் ஏசினால் ஊர் கேட்டுக்கொண்டிருக்கும். கம்பஸில் உயிரியல் படிக்கிற இவள் கேட்கவில்லை.

"கலத்துக்குள்ள என்ன நடக்கிற எண்டு ஒருக்காக் கேளுங்க மாமா, பிறகு ஏசுங்க" என்றாள்.

பெரிய வட்டம்தான் கலம், சின்னது அதன் கரு; சின்ன வட்டத்துக்குள் மூலக் கடிதம், டி.என்.ஏ., பூட்டிக் கிடக்கிறதாம். அது வெளியே வராது. அதைப் பார்த்தெழுதிய பிரதிதான் வரும்; அதற்குப் பெயர் ஆர்.என்.ஏ. பிரதியில் வேண்டாத துண்டுகளை வெட்டி, மிச்சத்தை ஒட்டிய பிறகே வாசல் திறக்கும். சுகமான கலத்தில் அப்படி. புற்றுநோய்க் கலத்திலோ வேண்டிய துண்டு வெட்டுப்படும், வேண்டாதது தங்கிவிடும். வளரச் சொல்கிற பிரதிகள் அளவுக்கு மிஞ்சி வாசலைத் தாண்டும்.

"மூலத்தில பிழை இல்லாட்டியும், நடுத்துண்டு ஒண்டு போனாப் போதும் மாமா. கருத்தே மாறிரும்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. டொக்டர் மேல் அல்ல.

ராத்தாவை முதன்முதல் காட்டிய அன்று டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னது மூன்று துண்டு: "கட்டி சின்னது. இப்பவே வெட்டினா, சுகப்படுத்தலாம்." வெளியே வாங்குப் பலகையில் இருந்த ராத்தாவிடம் நான் கொண்டுபோனது இரண்டு: "கட்டி சின்னதாம் ராத்தா. சுகப்படுத்தலாமாம்."

"நான் வீணாப் பயந்திட்டன் தம்பி" என்று சிரித்தாள்.

அவள் பயந்த சுபாவம். நெல்வயலில் வேளாண்மை வெட்டும் தொடங்கியிருந்தது. அவளுடைய வயலையும் நான்தான் பார்த்தேன். வெட்டு முடியட்டும், பிறகு சொல்வோம் என்று நானே தீர்ப்புக் கொடுத்தேன். என்னிடம் யார் கேட்டது? ஒரு பிடி நெல்லை அள்ளியே ஈரம் சொல்கிறவன் என்ற திமிர். வெட்டு முடிய நோன்பு வந்தது. பெருநாள் கழித்து டொக்டரிடம் போனபோது கட்டி சின்னதாக இல்லை. அன்றிலிருந்து ஆஸ்பத்திரியை ஏசத் தொடங்கியவன்தான், நிறுத்தவில்லை.

டொக்டர் அன்றைக்கு என்ன சொன்னவர் என்று மருமகள் கேட்டாள். முழுவதும் சொன்னேன், ஒரு சொல் வெட்டாமல்; ராத்தா பயந்துவிடுவாள் என்று நான் நடுத்துண்டை மறைத்ததையும்.

அவள் பேனையை மூடினாள்.

"உம்மா பயந்திருப்பா, ஓம்" என்றாள். "பயந்து போய், அப்பவே வெட்டியிருப்பா மாமா."