ரெட்டைக்கோடு சார்

சொல்லை வாயில் போட்டு மென்று பார்க்காமல் அவர் விசைப்பலகையைத் தொடமாட்டார். உதடு அசையும், தலை ஆடும். "ம்ஹூம், நாக்குல ஒட்டிக்குது" என்று தள்ளிவிட்டு அடுத்ததை எடுப்பார்.

கணினிக்கு ஒரு கட்டளை கொடுத்து, அதன் வாலில் இரண்டு சிறு கோடும் ஒரு சொல்லும் சேர்த்தால், கேட்டதை மட்டும் அது காட்டும். அலுவலகத்தின் சொந்த மென்பொருள் கருவிக்கு அப்படிப்பட்ட சொற்களைத் தமிழிலேயே பத்து வருடமாக வைத்துவருபவர் அவர்தான். அதனால் முதுகுக்குப் பின்னால் 'ரெட்டைக்கோடு'. காதில் விழுந்தால் கோபப்படமாட்டார், காலரைச் சரிசெய்துகொள்வார்.

போன மாதம் வந்த வேலை சின்னதுதான். எந்தெந்தக் கோப்பைத் திருத்திவிட்டு இன்னும் பொதுக் களஞ்சியத்தில் சேர்க்காமல் வைத்திருக்கிறோம் என்று காட்ட ஒரு சொல் வேண்டும். மூன்று வாரம் மென்றார். 'சேர்க்கப்படாத-மாற்றங்களின்-நிலவரம்' என்று கூட்டத்தில் வைத்தார்.

சோதனைப் பிரிவுக்கு வந்து இரண்டே மாதமான பெண் கையைத் தூக்கினாள். "சார், வீட்டுக்குக் கிளம்பறப்போ நாம என்ன கேக்கறோம்? இன்னும் என்ன மிச்சம்னுதானே? 'மிச்சம்'னே வச்சிடலாமே."

அறை கொல்லென்று சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் சொல் நிலைத்துவிட்டது. அவரும் சிரித்தார், பல் தெரிந்தது, அவ்வளவுதான்.

தனியே போய் அதையும் மென்று பார்த்தார். ஒட்டவில்லை, உறுத்தவில்லை, வெண்ணெயாய் வழுக்கிக்கொண்டு போனது. அதுதான் வயிற்றில் நெருப்பை வைத்தது.

வீட்டில் மனைவி, "கொஞ்சம்தான் மிச்சம் இருக்கு, போட்டுடவா?" என்றாள்.

"உனக்கு வேற வார்த்தையே கிடைக்கலையா?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஆபீஸ்ல யாரைப் பாத்துங்க வயிறு எரியுது உங்களுக்கு?"

அந்தச் சொல்லைக் கருவியில் சேர்க்க ஒப்புதல் தரவேண்டியவர் அவரே. நான்கு நாள் கிடப்பில் போட்டார். 'சாப்பாட்டு ஞாபகம் வருகிறது', 'கௌரவமாக இல்லை' என்று நாளுக்கொரு நொட்டை எழுதினார். ஒவ்வொன்றுக்கும் அந்தப் பெண் "சரி சார், பாக்கறேன்" என்று பணிவாகப் பதில் போட்டாள். அந்தப் பணிவு இன்னும் எரிந்தது.

ஐந்தாம் நாள், எல்லாம் களஞ்சியத்தில் சேர்த்தாகிவிட்டது என்ற நினைப்பில் எதிர் மேசைக்காரர் தன் கணினியிலிருந்த கோப்புகளை அழித்துவிட்டார். ஒரு வார உழைப்பு காற்றோடு போயிற்று. தலையில் கைவைத்து உட்கார்ந்தவர் நிமிர்ந்து, "அந்தப் பொண்ணு சொன்னதை அப்பவே சேத்திருந்தீங்கன்னா காட்டியிருக்குமே சார்" என்றார்.

ரெட்டைக்கோடு திரும்பி நடந்தார். தன் இடத்துக்குப் போய், ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் ஒப்புதலை அழுத்தினார்.

மறுநாள் மாலை பையை எடுத்தவர், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். இரண்டு கோடு போட்டு அந்தச் சொல்லைத் தட்டினார். மூன்று கோப்புகள் வரிசையாக வந்து நின்றன. அதில் ஒன்றை அவர் சுத்தமாக மறந்தே போயிருந்தார். பின்னால் செருப்புச் சத்தம். அவள் தண்ணீர்ப் பாட்டிலோடு அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தாள்.

உள்ளங்கையை அகல விரித்துத் திரையின் மேல் வைத்து மறைத்துக்கொண்டார்.