சோப்புப் படலமும் சந்தனக் கோடும்

பாத்திரம் தேய்க்கும்போது வளையலுக்குள் சோப்புப் படலம் கட்டினால், இன்றும் குழாயை மூடிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்பேன். அந்தப் படலத்துக்கு மின்னூட்டம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதுதான் என் ஆராய்ச்சி. தினமும் கடலூரில் பஸ் பிடித்துச் சிதம்பரம் போய், லேபில் உலோக வளையத்தில் படலம் கட்டி ஊட்டம் ஏற்றுவேன். ஊட்டம் நடுவிலுள்ள நீரில் தங்காது. இரண்டு பக்கத் தோலிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். எதிரே ஓர் உலோகத் தகட்டைக் கொண்டுபோனால் படலம் அதை நோக்கி வயிறு தள்ளும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

ஆயுத பூஜை முடிந்து லேப் திறந்த அன்று படலம் அசையவே இல்லை. ஏற்றிய ஊட்டம் எங்கோ ஒழுகிக்கொண்டிருந்தது. வெளியே மழை.

"ஈரம் ஜாஸ்திம்மா. உங்க கடலூர் காத்து உங்கூடவே பஸ் ஏறி வந்துடுது," என்றார் என் பேராசிரியர். முதலில் நானும் சிரித்தேன். "வெள்ளிக்கெழமைக்குள்ள சரியாவலன்னா தலைப்ப மாத்திடுவோம்" என்றபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தனை நாள் உழைப்பும் வீணா? போன வருடம் இதைவிடப் பெரிய மழையிலும் படலம் ஒழுங்காகத்தானே வயிறு தள்ளியது? அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

வியாழக்கிழமை சோப்பை மாற்றினேன், வயரை மாற்றினேன். கடைசியில் வளையத்தைத் தாங்கும் அக்ரிலிக் தண்டைக் கழற்றினேன். ஊட்டத்தைக் கீழே இறங்கவிடாமல் தடுப்பது விரல் நீளமுள்ள அந்தத் தண்டு ஒன்றுதான். அதன் பின்பக்கம், பூஜையன்று வைத்த சந்தனப் பொட்டு. இந்த முறை நீர்க்கக் கரைத்திருக்கிறார்கள், மேலிருந்து கீழ்வரை கோடாக வழிந்து காய்ந்திருந்தது. மழை ஈரத்தைக் குடித்துக் குடித்து, ஊட்டம் இறங்கிப்போக அது வழி போட்டுக் கொடுத்திருக்கிறது. வைத்தது யார் என்று கேட்க வேண்டியதில்லை. எல்லாக் கருவிக்கும் சார்தான் பொட்டு வைப்பார். எங்களைச் சந்தனக் கிண்ணத்தைத் தொடக்கூட விடமாட்டார்.

தண்டைக் கழுவிக் காயவைத்து மறுபடி மாட்டினேன். படலம் தகட்டை நோக்கிப் புடைத்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை சார் குனிந்து படலத்தைப் பார்த்தார். பிறகு தண்டைப் பார்த்தார்.

"பொட்டு எங்கம்மா?"

"மேசைக் காலுக்கு மாத்திட்டேன் சார்."

அவர் மேசைக் காலை எட்டிப் பார்த்தார்.

"தலைப்பு அப்பிடியே இருக்கட்டும்," என்றார். கதவுவரை போனவர் திரும்பினார். "அடுத்த பூஜைக்கு பொட்டு நீயே வச்சிடு."