லைசென்ஸ் படத்தில் இருந்த ஆள்

தலைமுடிமேல் எனக்கிருந்த கர்வம் கொஞ்ச நஞ்சமல்ல. கல்யாணம் கூடிவந்தால் பழனிக்கு வந்து மொட்டை போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டவன், கல்யாணமாகி ஒரு வருஷம் வரைக்கும் முருகனுக்கே டிமிக்கி கொடுத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் மனைவியின் நச்சரிப்பு தாங்காமல், நான் கட்டிங் மாஸ்டராக இருந்த திருப்பூர் பனியன் கம்பெனியின் முதலாளியிடம் கெஞ்சி, அவருடைய மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். சாயங்காலம் வண்டி வாசலில் நிற்காவிட்டால் மறுநாள் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார்.

மொட்டை அடித்தவர் மீசையையும் சேர்த்து வழித்துவிட்டார். கண்ணாடியில் பார்த்தால் உரித்த கோழி மாதிரி இருந்தேன். தலை நிறையச் சந்தனத்தைப் பூசிக்கொண்டு, மனைவியைப் பின்னால் உட்கார வைத்து, மடத்துக்குளம் தாண்டி வந்துகொண்டிருந்தேன். ஆள் நடமாட்டமே இல்லாத இடத்தில், புளியமரத்தில் சைக்கிளைச் சாத்திவிட்டு நின்ற ஒரு போலீஸ்காரர் கை காட்டினார். முந்தின நாள் உடுமலையில் ஒரு மோட்டார் சைக்கிள் திருட்டுப் போயிருந்ததாம்.

"வண்டி யாருதுங்க?"

"எங்க முதலாளியோடதுங்க."

லைசென்ஸை நீட்டினேன். அதிலிருந்த படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். படத்தில், நெற்றியில் சுருள் விழ, கருகரு மீசையோடு ஒரு ராஜகுமாரன் இருந்தான். சுருளையும் மீசையையும் மை தொட்டு அடர்த்தியாக்கி, நிறத்தையும் கொஞ்சம் வெளுப்பாக்கித் தரும்படி ஸ்டுடியோக்காரரைப் பாடாய்ப் படுத்தி வாங்கிய படம் அது.

"இது நீங்களாங்க?"

"பழனிக்குப் போயிட்டு வர்றனுங்க. பார்த்தாத் தெரியலீங்களா?" என்று கொஞ்சம் எகிறிவிட்டேன்.

"கோவிச்சுக்காதீங்க. ஸ்டேஷன் வரைக்கும் ஒரு எட்டு வந்துட்டுப் போயிருங்க" என்றார்.

இவ்வளவு மரியாதையாக ஒருவனைப் பயமுறுத்த எங்கள் பக்கத்தில்தான் முடியும். வண்டி ஸ்டேஷனில் நின்றால் என் வேலை போயிற்று. எகிறியதெல்லாம் அடங்கி, "வேணும்னா எங்க ஊட்டுக்காரியைக் கேளுங்க" என்றேன்.

அவர் அவள் பக்கம் திரும்பினார். "அம்மிணி, இவரு பேரு என்னங்க?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று நம்புகிறவள்.

"சொல்லு. ஆயுசு குறைஞ்சாப் பரவாயில்லை, வேலை போயிரும்" என்று கெஞ்சினேன். அவள் அசையவில்லை. பழனி இருந்த திசையில் கையை மட்டும் நீட்டி, "அவரு பேருதானுங்க" என்றாள்.

"அவருக்கு ஏகப்பட்ட பேரு இருக்குதே அம்மிணி!" என்று சலித்துக்கொண்ட போலீஸ்காரர், லைசென்ஸை அவளிடம் நீட்டினார். "பேரு வேண்டாம். இந்தப் படத்துல இருக்கறது இவருதானா, அதை மட்டும் சொல்லுங்க."

அவள் படத்தை வாங்கி நிதானமாகப் பார்த்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"இல்லீங்க" என்றாள்.

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"மொட்டை போடறதுக்கு முந்தியும் இவரு இப்பிடி இருந்ததே இல்லீங்க. இந்தப் படத்தைத்தான் எங்க ஊட்டுக்கும் அனுப்பிச்சாங்க. நாங்க நம்பிட்டமுங்க."

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். "கட்டுன பொண்டாட்டியத் தவிர வேற யாரும் இதைச் சொல்ல மாட்டாங்க. கெளம்புங்க" என்று லைசென்ஸை என் கையில் திணித்தார்.

உடுமலை வரைக்கும் வண்டியை விரட்டினேன். வேலை பிழைத்ததில் சந்தோஷம்தான். ஆனால், அவள் ஏமாந்த கதையை ஒரு போலீஸ்காரரிடம் சொல்லக் கேட்டது சுருக்கென்று இருந்தது. டீக்கடையில் வண்டியை நிறுத்திக் கேட்டே விட்டேன். "அப்ப, என்னைப் பார்த்ததும் ஏமாந்துதான் போனியா?"

அவள் டீயை ஊதிக்கொண்டே சொன்னாள். "படத்துல இருந்தவரைப் பார்த்து எனக்கு ஒரே பயமுங்க. இத்தனை அழகான ஆளோட எப்பிடிப் பொழைக்கறதுன்னு அழுதுட்டே இருந்தேன். முகூர்த்தத்தன்னைக்கு உங்களைப் பார்த்த பொறகுதான் நிம்மதியாச்சுங்க."