எட்மண்ட் குரலில் பேசியது

இது நான் கேள்விப்பட்ட விஷயம் இல்லை. எனக்கே நடந்தது. சந்தேகப்படுகிறவர்கள் சேலையூரில் என் வீட்டுக்கே வரலாம். அந்தப் பெட்டி இன்னும் என் அலமாரியின் மேல்தட்டில்தான் இருக்கிறது. காட்டுகிறேன். திறக்கச் சொன்னால் மட்டும் திறக்க மாட்டேன்.

என் பெயர் சத்யநாராயணன். கிண்டியில் ஆபீஸ். பொழுதுபோக்குக்கு அமெச்சூர் ரேடியோ. அரசாங்கப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, மொட்டை மாடியில் ஆண்டெனா கட்டி, எங்கெங்கோ இருக்கிறவர்களோடு பேசுவோம். அப்படிப் பேசிக் கிடைத்த நண்பன்தான் எட்மண்ட். பெருங்களத்தூரில் குடியிருக்கிறான், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். என்னை எப்போதும் மச்சான் என்றுதான் கூப்பிடுவான்.

போன நவம்பரில் இருவரும் பழைய சாமான் கடை ஒன்றில் ஒரே மாதிரி இரண்டு ஆம்ப்ளிஃபயர் வாங்கினோம். சிக்னலின் பலத்தைக் கூட்டும் பெட்டி. உள்ளே இருந்த கெபாசிட்டர்கள் பழசாகி உப்பியிருந்தன. அவற்றை எடுத்துவிட்டுப் புதிது போட வேண்டும். கேட்க எளிது. ஆனால் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டருக்குள் மின்சாரம் தங்கியிருக்கும். தெரியாமல் தொட்டால் ஆளையே கொன்றுவிடும். அதனால் மீட்டர் வைத்துப் பார்க்காமல் உள்ளே கை விடவே கூடாது. விட்டாலும் ஒரு கைதான். மின்சாரம் இரண்டு கை வழியாக நெஞ்சில் பாயாமல் இருக்க, இன்னொரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நல்ல மழை. அவரவர் வீட்டில் உட்கார்ந்து, வாக்கி டாக்கியில் பேசிக்கொண்டே வேலையை முடிப்பதாக ஏற்பாடு. சாயங்காலம் ஆறரை மணிக்கு எட்மண்ட் பேசினான்.

“நான் ரெடி மச்சான். பிளக்கைப் பிடுங்கிட்டேன். சார்ஜ் இறங்கட்டும், அப்புறம் மீட்டர் வெக்கலாம்.”

கடைசியில் தன் கால்சைனைச் சொன்னான். பேச்சை முடிக்கும்போது எங்கள் அடையாள எழுத்துகளைச் சொல்வது சட்டம். அவன் பட்டனை விட்டதும் வழக்கம்போல ‘கர்ர்ர்’ என்று ஓர் இரைச்சல் வந்து அடங்கியது.

நானும் பிளக்கைப் பிடுங்கினேன். மூடியைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருந்தேன். சமையலறையில் என் மனைவி மிருதுளா ஏதோ தாளித்துக்கொண்டிருந்தாள்.

மணி ஆறு ஐம்பது.

“சத்யா. இறங்கிடுச்சு. கை வை.”

எட்மண்டின் குரல்தான். ஆனால் என்னை சத்யா என்று கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. வாக்கி டாக்கியை எடுத்து, உன் பெட்டியைச் சொல்கிறாயா, என் பெட்டியையா என்று கேட்டேன்.

“உன்னோடதுதான்.”

சிரித்துவிட்டேன். பெருங்களத்தூரில் உட்கார்ந்துகொண்டு இவனுக்கு எப்படித் தெரியும்? விளையாடுகிறான் என்று நினைத்தேன்.

அப்போதுதான் உறைத்தது. அவன் கால்சைன் சொல்லவில்லை. பேசி முடித்ததும் அந்த ‘கர்ர்ர்’ வரவில்லை...

“இடது கையை ஏன் பின்னால வெச்சிருக்க?”

என் இடது கை முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது.

ஜன்னலைப் பார்த்தேன். திரை போட்டிருந்தது. நாங்கள் இருப்பது இரண்டாவது மாடி. ஒருவேளை இங்கேயே வந்து ஒளிந்துகொண்டு பயமுறுத்துகிறானோ? பால்கனிக்குப் போய் எட்டிப் பார்த்தேன். தெருவில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆள் இல்லை. வாசல் கதவைத் திறந்து மாடிப்படியையும் பார்த்தேன். ஈரக்கால் தடம்கூட இல்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

“என்னை நம்பலைன்னா மீட்டர் வெச்சுப் பாரேன்.”

இந்தத் தடவை வாக்கி டாக்கியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சிக்னல் வந்தால் அதில் பச்சை விளக்கு எரிய வேண்டும்.

எரியவில்லை.

மீட்டரை எடுத்து, ஒரு கையாலேயே கெபாசிட்டரில் வைத்தேன். பூஜ்யம்.

“பாத்தியா? கை வை.”

கை நீண்டது. விரல் உள்ளே போகப் பாதி அங்குலம்தான் பாக்கி.

நின்றேன்.

இவன் ஏன் மீட்டர் வைக்கச் சொன்னான்?

டார்ச்சிலிருந்து ஒரு பேட்டரியை உருவி, அதில் மீட்டரை வைத்தேன். நல்ல பேட்டரி. அதற்கும் பூஜ்யம்தான் காட்டியது.

மீட்டரைத் திருப்பினேன். சிவப்பு ஒயர் துளையிலிருந்து பாதி வெளியே வந்திருந்தது. அழுத்திச் செருகியது நான்தான். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது...

மறுபடி செருகினேன். பேட்டரி ஒன்றரை வோல்ட் காட்டியது. கெபாசிட்டரில் வைத்தேன்.

எழுநூற்று எண்பது.

“த்ச்...”

உச்சுக் கொட்டும் சத்தம். வாக்கி டாக்கியிலிருந்து வரவில்லை.

என் காதுக்குப் பக்கத்தில்.

கழுத்தைத் திருப்ப முடியவில்லை. எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேனோ தெரியாது. கதவு திறந்தது. மிருதுளா, கையில் இரண்டு டம்ளர் காபியோடு.

“எட்மண்ட் எங்கே? இப்பதானே உங்களோட பேசிண்டிருந்தார்?”

வாக்கி டாக்கி பேச்சு அவளுக்குப் பழக்கம். அதில் வரும் கரகரப்பு நன்றாகத் தெரியும். இது அப்படி இல்லை, அறைக்குள் ஆள் பேசுகிற மாதிரியே கேட்டது என்றாள்.

உடனே எட்மண்டின் மொபைலுக்குப் போன் செய்தேன். மூன்றாவது தடவை அவன் பக்கத்து வீட்டுக்காரர் ஜெயவேலு எடுத்தார். எட்மண்டுக்கு ஷாக் அடித்துவிட்டது, ஆம்புலன்ஸில் போய்க்கொண்டிருக்கிறோம் என்று சொல்லி ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னார்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் அந்த மழையில் எப்படி வண்டி ஓட்டினேன் என்று இன்றும் தெரியவில்லை. பக்கத்து சீட்டில் மிருதுளா வாய்க்குள் ஏதோ ஜபித்துக்கொண்டே வந்தாள்.

எட்மண்டின் இதயம் ஒரு தடவை நின்று, மறுபடி துடிக்க ஆரம்பித்திருந்தது. வலது கையில் மூன்று விரல் கருகிவிட்டன. அவன் மனைவி ஜோவிதா ஐ.சி.யூ. வாசலில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் தலையை மட்டும் ஆட்டினாள். ராத்திரி முழுக்க அவளோடு அங்கேயே இருந்தோம். உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொல்லும்போது விடிந்துவிட்டது.

அதன் பிறகுதான் ஜோவிதா என்னிடம் கை நீட்டினாள்.

“அண்ணா, வீட்டுச் சாவியைக் கொடுங்க. அவருக்குத் துணி எடுத்துட்டு வரணும்.”

என்னிடம் எந்தச் சாவியும் இல்லை என்றேன்.

“உங்க கையிலதானே கொடுத்தேன்? நீங்க பூட்டிட்டு வரேன்னு சொன்னீங்க. அப்புறம்தானே நான் ஆம்புலன்ஸ்ல ஏறினேன்?”

நான் அங்கே வரவே இல்லையே என்றேன். நான் அவளோடு எங்கள் வீட்டில்தான் இருந்தேன் என்று மிருதுளாவும் சொன்னாள். ஜோவிதா எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். எதையோ மறைப்பவர்களைப் பார்க்கிற பார்வை.

பிறகு மெதுவாகச் சொன்னாள். ஏழு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது நான் வந்தேனாம். அவள்தான் கதவைத் திறந்தாளாம். அந்த மழையில் என் சட்டை நனையாமல் இருந்ததை அப்போதே கவனித்தாளாம். நேரிலேயே வந்துவிட்டானே என்று எட்மண்ட் வாக்கி டாக்கியை அணைத்துவிட்டானாம்.

“அவர் மீட்டரைக் கையில எடுத்தாரு. ‘நான் பாத்துட்டேன், ஜீரோதான், கை வை’ன்னு நீங்கதான் சொன்னீங்க அண்ணா.”

அன்று காலையே ஜெயவேலு ஆள் கூட்டி வந்து பூட்டை உடைத்தார். நானும் ஜோவிதாவும் போயிருந்தோம்.

வீட்டில் யாரும் இல்லை. எட்மண்டின் மேஜையைப் பார்த்தோம். அவன் விழும்போது பெட்டி திறந்து கிடந்தது, பழைய கெபாசிட்டர்கள் உள்ளேயே இருந்தன என்று ஜோவிதா சொன்னாள். இப்போது பழையது எட்டும் மேஜை மேல் வரிசையாக வைக்கப்பட்டிருந்தது. பெட்டிக்குள் புதியவை.

வேலை முழுவதும் முடிந்திருந்தது.

“இதுவும் நீங்க இல்லையா?” என்று கேட்டாள் ஜோவிதா.

இல்லை என்றேன். ஆனால் குனிந்து பார்த்தேன். ஈயம் வைத்துப் பற்றவைப்பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு கைவாகு உண்டு. நான் கம்பியை இடது பக்கமாக மடித்து, நுனியை ஒட்ட வெட்டுவேன். எட்மண்ட் அப்படிச் செய்ய மாட்டான்.

எட்டுக் கெபாசிட்டர். பதினாறு கம்பி.

எல்லாமே இடது பக்கம் மடிந்திருந்தன.