அம்மா ஓடிய ரேஸ்

என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு பேனாவை வைத்தவன். பிழை இருந்தால் நீங்களே திருத்தி வாசித்துவிடுங்கள்.

இன்று காலை கும்மிடிப்பூண்டி பஸ் நிறுத்தத்தில் ஒரு பழைய பைக் புகை கக்கிக்கொண்டு போனது. கருகிய எண்ணெய் வாசனை. எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். நான் மட்டும் நன்றாக இழுத்தேன். சோழவரத்தில் மோட்டார் ரேஸ் நடந்த மறுநாளும் காற்றில் இதே வாசனைதான் இருக்கும். எங்கள் வீடு அங்கே பக்கத்தில்தான்.

அப்போது எனக்கு எட்டு வயது. குடல் காய்ச்சலில் கிடந்து எழுந்ததில் கால் இரண்டும் முருங்கைக்காயாகிவிட்டன. காய்ச்சல் விட்டு வெகுநாள் ஆகியும் நடக்க மாட்டேன் என்றேன். அப்பா தோளில் வைத்தே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவார். சொல்ல வெட்கம்தான், எனக்கு அது சுகமாக இருந்தது. ஓடவிட்டால்தான் கால் தேறும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து அம்மாவுக்குத் தூக்கம் போயிற்று.

"இப்டியே தூக்கினு திரி. நமக்கப்புறம் இவன யாரு தூக்குவா?"

"கொயந்ததாம்மே, வுடு" என்பார் அப்பா.

ரேஸுக்கு மறுநாள், வண்டி மோதினால் தாங்க ஓரத்தில் அடுக்கிவைத்துச் சிதறிக் கிடக்கும் வைக்கோலை மாட்டுக்கு அள்ளிவரப் போவோம். என்னை ஓரிடத்தில் உட்கார வைத்துவிடுவார்கள். அப்படி ஒருநாள், எட்டிய மட்டும் சோடா மூடிகளைப் பொறுக்கி ஒரு பையில் சேர்த்துவைத்திருந்தேன். அம்மா வந்தாள். பையைப் பிடுங்கினாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ரேஸ் வண்டிகள் ஓடிய அந்த அகலத் தரையில் ஓடத் தொடங்கிவிட்டாள்.

"வேணும்னா வந்து வாங்கிக்கடா."

வைக்கோல் அள்ளியவர்கள் சிரித்தார்கள். "இன்னா யக்கா, ரேஸு நேத்தே முடிஞ்சிபோச்சே."

"எனுக்கு இன்னிக்கித்தான்டா."

எனக்கு அழுகையும் ஆத்திரமும். எழுந்தேன். விழுந்தேன். மறுபடி எழுந்து துரத்தினேன். விலாவைப் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்தபோதுதான் எட்டிப் பிடித்தேன். பை காலி. மூடிகள் வழியெல்லாம் சிந்தியிருந்தன. அவற்றைத் தாண்டித்தான் ஓடி வந்திருக்கிறேன். அப்பா தூக்கக் குனிந்தார். நான் விலகி முன்னால் நடந்தேன்.

அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் உட்காரவே வராது. கம்பெனியிலும் நின்றே வேலை பார்த்தேன். இதை எழுதுவதற்குள் எத்தனை முறை எழுந்து வாசலுக்குப் போனேனோ. உள்ளே மகன் டிவி முன்னால் சாய்ந்து கிடக்கிறான். "வெளிய போய் வெளையாட்றா" என்று வாயால் மட்டும் சொல்கிறேன். அம்மா அப்படி ஒருநாளும் சொன்னதில்லை.

சோழவரத்தில் இப்போது ரேஸ் இல்லை. வைக்கோல் அள்ள யாரும் போவதில்லை. பிள்ளைக்கு முன்னால் புடவையைச் செருகிக்கொண்டு ஓடியவளும் இல்லை.

தை மாதம், வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கும் நேரம்.