நான்காம் பெட்டியின் கதவு

காலை பதினொன்று நாற்பது. முதலில் கண்ணில் பட்டது ஒரு பச்சை நைலான் கயிறு. ரயிலின் நான்காம் பெட்டிக் கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் இரண்டு துளைகள் மட்டும் இருந்தன. கயிறு அவற்றின் வழியாக நுழைந்து, பக்கத்துக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது.

விருதுநகரிலிருந்து சாத்தூர் போகும் நான்குவழிச் சாலையை ஒட்டிய பொழுதுபோக்குப் பூங்கா அது. வாசலிலிருந்து நீச்சல் குளம் வரை ஆட்களைக் கொண்டுபோக ஒரு ரயில். கான்கிரீட் தூண்களின் மேல், இரண்டு மாடி உயரத்தில், ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும். தூண்களில் சிமெண்ட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தது. சக்கரங்களின் ரப்பரில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு.

எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் என் அக்காவுக்கு மருந்து நிரப்பும் வேலை. தீபாவளி சீசன் முடிந்ததும் கம்பெனியில் பஸ் வைத்து ஆட்களை எங்காவது கூட்டிப் போவார்கள். வீட்டிலிருந்து ஒருவர் கூட வரலாம். அந்த முறையில்தான் நான் போனேன்.

பெட்டியில் ஏறும்போது பெண்கள் எல்லோரும் செருப்பை நடைமேடையில் கழற்றி வைத்தார்கள். கம்பெனியில் மருந்து அறைக்குள் செருப்புக் காலோடு யாரும் போவதில்லை; அந்தப் பழக்கம். காக்கிச் சட்டை போட்ட ரயில் ஓட்டுநர் சிரித்தார்.

"என்னக்கா, கோயிலுக்கா போறீக?"

"உம்ம ரயிலைப் பார்த்தா சாமியைக் கும்பிட்டுட்டுத்தான் ஏறணும் போல இருக்குய்யா" என்றாள் ஒருத்தி. சிரித்துக்கொண்டே செருப்புகளை எடுத்துக்கொண்டு ஏறினார்கள். அக்கா கதவோரம் உட்கார்ந்தாள், நான் அவள் பக்கத்தில். ஓட்டுநர் ஜன்னல் வழியாகக் கையை விட்டு, கயிற்றை இழுத்து உள்பக்கம் முடிச்சுப் போட்டார்.

"தாழ்ப்பாள் என்னாச்சு?" என்று கேட்டேன்.

"ஆர்டர் போட்டாச்சு சார். சக்கரத்துக்கும் சேர்த்துத்தான். லீவு சீசன் முடியட்டும்னு சொல்லியிருக்காக."

ரயில் புறப்பட்டது. வண்டி நிறுத்துமிடத்தைத் தாண்டும்போது எங்கள் பெட்டிக்கு அடியில் ஏதோ கிழிந்தது. சக்கரத்தின் ரப்பர் கழன்றுவிட்டது. இரும்பு தண்டவாளத்தில் உரசிக் கீச்சிட்டது. பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. சக்கரம் மட்டும் நின்ற இடத்திலேயே சுழன்றது. தரைப் பலகையின் இடுக்கில் தீப்பொறிகள் தெரிந்தன. ரப்பர் கருகும் வாடை வந்தது.

யாரும் அலறவில்லை. என்னைப் பயமுறுத்தியது அதுதான். பெட்டியிலிருந்த பெண்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எழுந்து கதவுப் பக்கம் திரும்பினார்கள்.

பட்டாசு கம்பெனியில் ஒவ்வொரு அறைக்கும் எதிரெதிராகக் கதவுகள் உண்டு. வேலை நேரத்தில் ஒன்றையும் சாத்துவதில்லை. பொறி தெரிந்தால் எதையும் எடுக்கக்கூடாது, திரும்பிப் பார்க்கக்கூடாது, வெளியே ஓட வேண்டும். முன்பு வேலை பார்த்த இடத்தில் அக்கா அப்படி ஓடித்தான் பிழைத்தாள். அன்று அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் சோற்றுத் தூக்குவாளியை எடுக்கக் குனிந்தாள்; வெளியே வரவில்லை.

அக்காவின் விரல்கள் அதற்குள் முடிச்சில் இருந்தன. திரி கட்டிப் பழகிய கை. நான் தோளைப் பிடிப்பதற்குள் கயிறு அவிழ்ந்துவிட்டது. கதவு வெளிப்பக்கம் திறந்து ஆடியது. பின்னாலிருந்தவர்கள் எங்களைத் தள்ளினார்கள்.

"அக்கா, நில்லு! இது ரயிலு!"

"விடுலே, வெடிக்கப் போகுது!"

அவள் கண் நேரே வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. வலது கால் வெளியே போய்விட்டது. நான் இடது கையால் கம்பியையும் வலது கையால் அவள் முழங்கையையும் பிடித்திருந்தேன். வியர்வையில் பிடி மணிக்கட்டு வரை வழுக்கி இறங்கியது.

"தரை இல்லக்கா! கீழ பாரு! கீழ பாரு!"

பார்த்தாள். நிறுத்துமிடத்தில் நின்ற எங்கள் பஸ்ஸின் கூரையே கீழே தெரிந்தது. அவள் உடம்பு விறைத்தது. பிறகு மொத்தமாக என் மேல் சரிந்தாள். நான் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். கீழே யாரோ ரயிலுக்கு வரும் மின்சாரத்தை நிறுத்தினார்கள். பொறி நின்றது.

பூங்காவில் இருந்த ஏணி எட்டவில்லை. எங்கள் பஸ்ஸையே ரயிலுக்கு நேர் கீழே கொண்டுவந்து நிறுத்தி, கூரை மேல் ஏணியை வைத்து, ஒவ்வொருவராக இறக்கினார்கள். அதுவரை ஒருத்தி வாய்விட்டு மாரியம்மனைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

ஊர் திரும்பும்போது அக்கா மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். வலிக்கிறதா என்று கேட்டேன்.

"பார்த்துட்டேன்லே" என்றாள்.

"பார்த்ததாலதான் உசுரோட இருக்கே."

"இங்கன சரி. அங்கன பொறி விழுந்தா பார்க்கக் கூடாதுல்ல? இம்புட்டு வருசம் பார்க்காமத்தான் பழகி வச்சிருந்தேன். இப்பப் பார்க்கச் சொல்லிட்ட. நாளைக்கு அங்கனயும் நின்னு பார்த்துட்டேன்னா?"

அவள் கையை வாங்கி மணிக்கட்டைத் தேய்த்துவிட்டேன். முன் இருக்கையில் இருந்தவள் திரும்பி அக்காவைப் பார்த்துவிட்டு மறுபடி திரும்பிக்கொண்டாள்.

அடுத்த வாரம் கம்பெனி திறந்தது. அக்கா காலை வேனில் ஏறி வேலைக்குப் போனாள்.